மீட்சி மெதுவாக வந்தால் யாரைக் கேட்பது? இலங்கை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாடாளுமன்றத்தின் 225 உறுப்பினர்களுக்கும்,

பாதீட்டு விவாதம் தொடங்கினால் உங்கள் சபையில் இரண்டு பேச்சுத்தான் கேட்கிறது. ஆளும் வரிசையில், சுதந்திரம் முதல் ஆண்டவர்கள் விட்டுச்சென்ற எழுபத்தாறு வருடச் சாபம் என்ற பேச்சு. எதிர் வரிசையில், கொடுத்த வாக்குறுதி எங்கே, விலை ஏன் இறங்கவில்லை என்ற கேள்வி. வாக்காளருக்கு உண்மையில் வேண்டிய கணக்கை இரு வரிசையும் வைப்பதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியிலிருந்து நாடு இத்தனை மெதுவாக எழுந்து வருவதில் ஜனாதிபதியின் கையொப்பத்துக்கு எவ்வளவு பங்கு, நீங்கள் உயர்த்திய கைகளுக்கு எவ்வளவு பங்கு, நோய்க்கும் போருக்கும் புயலுக்கும் எவ்வளவு பங்கு? அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் உங்களிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. அதனால்தான் இந்த மடலை ஜனாதிபதிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பதவியில் இருக்கும் ஜனாதிபதியை மீட்சியின் வேகத்துக்காகத் தண்டித்தால், பெரும்பாலும் வேறொருவர் செய்த பிழைக்கு அவரைத் தண்டித்ததாகவே முடியும். ஆனால் அந்த மீட்சியின் சுமையை யார் தலையில் ஏற்றினார், எந்தக் கணக்கை மறைத்தார், தன் பேனாவால் தடுத்திருக்கக்கூடிய எதைத் தடுக்காமல் விட்டார் என்பவற்றுக்கு அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வாக்காளருக்கு ஆவணம் வேண்டும். அதைத் தரவேண்டிய இடம் உங்கள் சபை. நீங்கள் தரவில்லை.

வேகத்தை எடுத்துக்கொள்வோம். 2021இல் நாட்டின் மொத்த உற்பத்தியை 100 என்று வையுங்கள். 2022இல் 7.3 சதவீதம் சுருங்கியது, 92.7. 2023இல் மேலும் 2.3 சதவீதம், ஏறக்குறைய 90.6. 2024இல் 5 சதவீத வளர்ச்சி. அதை வெற்றி என்று ஒரு தரப்பு கொண்டாடியது, மக்கள் உணரவில்லையே என்று மற்றத் தரப்பு கேட்டது. கணக்குப் போட்டால் 95.1தான் வருகிறது. 2024 முடிவில் விழுந்த பள்ளத்தில் பாதிதான் ஏறியிருந்தோம், 2021இன் படியைக்கூடத் தொடவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய நிலைக்கும் குறைவான வருமானத்தில் நின்ற குடும்பத்திடம் "5 சதவீத வளர்ச்சி" என்று சொன்னால் அது காதில் ஏறாது. ஏறாததில் அவர்கள் பிழை எதுவும் இல்லை.

விலையிலும் இதே குழப்பம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். முந்தைய செப்டம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்கூடை 169.80 ஆனது. 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கியது, கூடை 172. 2024 செப்டம்பரில் மறை 0.5, கூடை 171.10. 2025 செப்டம்பரில் 1.5, கூடை 173.70. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள், விலை பழைய இடத்துக்குத் திரும்பியது என்றல்ல. 170ஐ மறுபடி 100க்கு இறக்குவது எந்த ஜனாதிபதியாலும் ஆகாது. வலிந்து இறக்க முனைந்தால் வேலையும் சம்பளமும் அதோடு சேர்ந்து விழும். ஆகவே "விலையைப் பழையபடி இறக்குவோம்" என்று மேடையில் சொல்லும் எவரும், எக்கட்சியானாலும், நடவாத ஒன்றைச் சொல்கிறார். வாக்காளர் கேட்கவேண்டியது வேறு: என் சம்பளம் 100இலிருந்து 173க்கு வந்ததா, வராவிட்டால் இடைவெளியை யார் நிரப்புவது?

இனி, பேனா செய்த சேதம். இதில் ஜனாதிபதியைக் குறை சொல்வது முற்றிலும் நியாயம்.

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி (வற்) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக்கப்பட்டது. பலரும் பேசுவது இந்த வீதத்தைப் பற்றித்தான். அதைவிட ஆழமாகக் காயப்படுத்தியது பதிவு எல்லை. வருடம் 1.2 கோடி ரூபா விற்பனைப் புரள்வு இருந்தாலே வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்ததை 30 கோடியாக உயர்த்தினார்கள். ஒரே அடியில் 25 மடங்கு. வீதத்தை ஒரு வர்த்தமானியால் திரும்ப ஏற்றிவிடலாம். பதிவிலிருந்து வெளியேறிய வணிகரைத் திரும்பக் கொண்டுவருவது அப்படியல்ல. கோப்பைத் திறக்க வேண்டும், புரள்வைச் சரிபார்க்க வேண்டும், விற்பனைப் பட்டியல் வழங்கும் பழக்கத்தைத் திரும்பப் பழக்க வேண்டும். அதற்கு வருடங்கள் பிடிக்கும். அரச வருமானம் மொத்த உற்பத்தியில் 8 சதவீதமளவுக்கு விழுந்து, 13 சதவீதத்தைத் தாண்ட 2024 ஆனது. இடையில் வற் 18 சதவீதத்துக்கு ஏறியது. 15ஐ 8 ஆக்கியவர் ஒருவர், 18 ஆக்கியவர் இன்னொருவர். கடையில் நின்று கட்டியவர் மட்டும் ஒரே ஆள்.

உங்கள் சபைக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். வருமான வரிச் சலுகைகள் 2020 ஜனவரியிலிருந்தே நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கான திருத்தச் சட்டம் நிறைவேறியது 2021 மே மாதத்தில். ஏறக்குறைய ஒன்றரை வருடம், சட்டம் இல்லாமலே வரி விடப்பட்டது. இதனால் எவ்வளவு இழப்பு என்ற கேள்விக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதி மேசையில் வையுங்கள் என்று சபை வற்புறுத்தியிருந்தால், தரமிடல் நிறுவனங்கள் 2020இல் நாட்டின் கடன் தரத்தை இறக்கியபோது எவருக்கும் அது திடீர்ச் செய்தியாக இருந்திருக்காது.

அடுத்தது உரம். 2021 மே 6இன் வர்த்தமானி இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. நெல்லுக்கு யூரியா போடும் காலம் விதைத்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஏழாம் வாரம் வரையில் தவணை தவணையாக வரும். அந்தத் தழைச்சத்து தூர் கட்டும் பருவத்தில் கிடைக்காவிட்டால் பின்பு எவ்வளவு போட்டாலும் தூர் கூடாது. தடையை நவம்பர் இறுதியில் விலக்கியபோது பெரும்போக வயல்களில் விதைப்பு முடிந்துகொண்டிருந்தது. அன்றே விலக்கினாலும் கப்பல் வந்து மூட்டை வயலுக்குப் போகும்வரை பயிர் காத்திருக்காது. அறுவடை முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2022இன் அரிசி விலைக்கு 2021 மே மாதத்துக் கையொப்பம் பொறுப்பு, 2022இல் பதவியில் இருந்தவர் எவராயினும் சரி. காலத்தாழ்வு என்பது இதுதான். பிழை ஒருவர் ஆட்சியில் விதைக்கப்படும், விளைச்சல் இன்னொருவர் ஆட்சியில் வரும்.

வெளியிலிருந்து வந்த அடி என்று சொல்லித் தப்பிக்கொண்டவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சுற்றுலா விழுந்தது பெருந்தொற்றால். அதற்கு எவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் 2020இல் 710 கோடி டொலராக இருந்து 2021இல் 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் சரிந்ததே, அது தொற்றால் வந்ததா? தொற்று உச்சத்தில் இருந்த 2020இல் அந்தத் தொகை குறையவில்லையே. காரணம் வேறு. மத்திய வங்கி 2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் 7 வரை டொலரை ஏறக்குறைய 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்தது. வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர் 240க்கு மேல் கொடுத்தார். கட்டாரிலிருந்து 300 டொலர் அனுப்புபவருக்கு வங்கி வழியில், 10 ரூபா ஊக்கத்தொகையைச் சேர்த்தாலும், 63,900 ரூபா; உண்டியலில் 72,000. வீட்டுக்கு ஒரு மாத அரிசியும் பால்மாவும் வரக்கூடிய வித்தியாசம் இது. எவர் வங்கிக்குப் போவார்? அந்த மாதங்களில் நாட்டுக்குள் வராத ஒவ்வொரு டொலரும் எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றவரின் நேரமாகக் கழிந்தது. அதே காலத்தில், 2022 ஜனவரி 18இல், முதிர்ந்த பிணைமுறிக்கு (அரசின் கடன் பத்திரத்துக்கு) 50 கோடி டொலர் முழுதாகக் கட்டப்பட்டது. மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனை அடைப்பதை நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் நிதி அமைச்சும் மத்திய வங்கியும் சார்ந்த சிலரும் பொது நம்பிக்கையை மீறினர் என்று தீர்த்தது. நீதிமன்றம் பொருளாதாரத்தின் வேகத்தை அளக்கவில்லை. வரிக் குறைப்பு, ரூபாவைப் பிடித்து வைத்தது, சர்வதேச நாணய நிதியத்திடம் போகத் தாமதித்தது என்று தீர்மானம் தீர்மானமாகப் பார்த்தது. வாக்காளரும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்கிறோம்.

2024 செப்டம்பர் 21 தேர்தலுக்கு வருவோம். நாணய நிதியத்தோடு உடன்பட்டு, வரிசைகளை ஒழித்து, பணவீக்கத்தை இறக்கிய ஜனாதிபதிக்கு 17.27 சதவீத வாக்கு, மூன்றாம் இடம். நன்றி கெட்ட மக்கள் என்று அப்போது சிலர் சொன்னார்கள். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். வேகத்துக்காக அவரைத் தண்டித்திருந்தால் அது அநியாயம். சுமையைப் பகிர்ந்த விதத்துக்காகத் தண்டித்திருந்தால் அது வாக்காளரின் உரிமை.

மண்ணெண்ணெயைப் பாருங்கள். 2022 ஆகஸ்ட் 21 இரவு வரை லீற்றர் 87 ரூபா, அதன்பின் 340. வடக்கிலும் கிழக்கிலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில். 20 லீற்றரோடு கடலுக்குப் போகும் படகுக்கு 1,740 ரூபாவாக இருந்த எண்ணெய்ச் செலவு ஒரே இரவில் 6,800 ஆனது. மீன் கிடைக்காத நாளில் அந்த 6,800 முழுதும் கடன். 87 ரூபாவில் விற்றால் எரிபொருள் கூட்டுத்தாபனத்துக்கு நட்டம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. விலை ஏறித்தான் ஆகவேண்டும். ஆனால் பதிவு பெற்ற படகுகளின் பட்டியல் கடற்றொழில் திணைக்களத்தில் இருக்கிறது. விலையை ஏற்றும் அதே நாளில் அந்தப் பட்டியலுக்கு மானியத்தைக் கணக்கில் போட்டிருக்கலாம். விலை முதலில் வந்தது, நிவாரணம் பற்றிய பேச்சு பிறகு வந்தது. இந்த வரிசைமுறையைத் தீர்மானிப்பது அரசு. இதற்கு எந்த உலகச் சந்தையையும் காட்ட முடியாது.

ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியம் இன்னும் பெரிய உதாரணம், உங்கள் கைகள் நேரடியாகப் பட்டதும்கூட. 2023 ஜூலை 1, சனிக்கிழமை. வங்கிகளுக்கு ஐந்து நாள் தொடர் மூடல். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் தீர்மானம் ஒரே நாளில் விவாதிக்கப்பட்டு 122க்கு 62 என்று நிறைவேறியது. வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. ஓய்வூதிய நிதியங்கள் தம் முறிகளை மாற்றிக்கொள்ள வேண்டும், மறுத்தால் அவற்றின் வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும் என்று ஏற்பாடு. மாற்றிக் கிடைத்த முறிகளுக்கு 2025 வரை 12 சதவீதம், பின்பு முதிர்வு வரை 9. வங்கிகள் ஆட்டம் கண்டால் வைப்பாளர் பணத்துக்கு ஆபத்து என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தைக்கும் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் வேலை செய்பவரின் ஓய்வுக்காலப் பணம் அதற்கு முன்பே கரைந்திருந்தது. 2021 செப்டம்பரில் அவர் கணக்கில் 10 லட்சம் இருந்தால், 9 சதவீத வட்டியோடு ஒரு வருடத்தில் 10 லட்சத்து 90 ஆயிரம். அதைக்கொண்டு வாங்கக்கூடியது பழைய விலையில் 6 லட்சத்து 42 ஆயிரத்துக்கான பொருள். ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கை இழந்தவரிடம்தான் மீண்டும் பங்கு கேட்டீர்கள். அவருக்கு ஒரு கடிதம் கூட அனுப்பவில்லை.

இப்போதைய ஜனாதிபதி நிதி அமைச்சையும் தன்னிடமே வைத்திருக்கிறார். ஆகவே பொறுப்பைப் பிரித்துக்கொள்ள அவருக்கு வேறொரு நிதி அமைச்சர் இல்லை. அவரையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். அமெரிக்கா 2025இல் 44 சதவீதத் தீர்வை என்று அறிவித்துப் பின் 20க்கு இறக்கியது அவர் கையில் இல்லை. 2025 நவம்பர் டித்வா புயலில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழையை எவராலும் நிறுத்த முடியாது; எச்சரிக்கை எந்த மொழியில் எப்போது போனது, நிவாரணப் பட்டியலில் தோட்டத்து லயன் அறைக் குடும்பங்களின் பெயர் ஏறியதா என்பவை அரசின் கையில் இருந்தவை. மின்கட்டணம் 2025 ஜனவரியில் சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, ஜூனில் 15 சதவீதம் ஏறியது. 5,000 ரூபா மின்பட்டியல் 4,000 ஆகி, பின் 4,600. உற்பத்திச் செலவை ஈடுகட்டாத கட்டணம் நிற்காது, நாணய நிதிய உடன்பாடும் அதை அனுமதிக்காது. இது ஜனவரியிலேயே தெரிந்த விடயம். கட்டணத்தைத் தீர்மானிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ஆயினும் ஜனவரிக் குறைப்புக்குப் பெருமை கொண்டாடியவர்கள் ஜூன் உயர்வுக்கு மட்டும் ஆணைக்குழுவைக் கை காட்டுவது நேர்மையல்ல. எதிர் வரிசையில் முன்பு ஆண்டவர்களும் இருக்கிறார்கள். ஜூன் உயர்வுக்குக் கூச்சலிட்ட அவர்கள், தாங்கள் ஆண்டபோது 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏற்றியதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்களை உண்மையில் தூங்கவிடாத வருடம் 2028. இருதரப்புக் கடன் கொடுத்த நாடுகளுக்கு முதலைத் திருப்பிக் கட்டுவது அந்த வருடம் தொடங்குகிறது. 2024 டிசம்பரில் மாற்றப்பட்ட சர்வதேச பிணைமுறிகளில் ஒரு பகுதி பொருளாதாரத்தின் அளவோடு கட்டப்பட்டது. 2025 முதல் 2027 வரை டொலரில் கணக்கிட்ட சராசரி உற்பத்தி குறித்த எல்லையைத் தாண்டினால் 2028 முதல் நாம் கட்டவேண்டிய தொகை கூடும். நன்றாக வளர்ந்தால் கூடுதலாகக் கட்ட வேண்டும், அதுவும் 2029 ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்தைய வருடத்தில். இந்த நிபந்தனைகளுக்குக் கொள்கையளவில் உடன்பட்டது 2024 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, முந்தைய அரசு. அதை ஏற்று முடித்தது இன்றைய அரசு. 2028இல் கட்டணமும் வரியும் நெருக்கும்போது இரு வரிசையும் ஒன்றையொன்று காட்டும் என்பது இன்றே தெரிகிறது. அந்த நாளுக்கு முன் கணக்கு மக்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்கிறோம்.

சட்டம் நிறைவேறாமல் எந்த வரிச் சலுகையும் நடைமுறைக்கு வரக்கூடாது என்று நிலையியற் கட்டளையிலோ சட்டத்திலோ எழுதுங்கள். 2019இல் திறந்த வாசல் அது.

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான நாடாளுமன்ற பாதீட்டு அலுவலகம், ஒவ்வொரு வரி, மானிய, இறக்குமதித் தீர்மானத்துக்கும் அதன் மூன்று வருடச் செலவை எழுதி, வாக்கெடுப்புக்கு முன் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் வெளியிட வேண்டும். தமிழ்ப் பிரதி மூன்று மாதம் கழித்து வருவதை நாங்கள் வெளியீடாகக் கொள்ளமாட்டோம். கடன் மறுசீரமைப்பு போன்ற தீர்மானமானால் ஆவணம் மேசைக்கு வந்து 14 நாளுக்குப் பிறகே வாக்கெடுப்பு.

ஒவ்வொரு பாதீட்டோடும் ஒரு சுமை அட்டவணை வையுங்கள்: குடும்பங்களை வருமானப்படி பத்துப் பங்காக்கி, புதிய வரியிலும் கட்டணத்திலும் எந்தப் பங்கு எவ்வளவு கட்டுகிறது, அஸ்வெசும போன்ற உதவியில் எவ்வளவு திரும்பப் பெறுகிறது என்று மாவட்ட வாரியாக.

2003ஆம் ஆண்டின் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் நிதிநிலை அறிக்கை ஒன்றைக் கேட்டது. ஜனாதிபதித் தேர்தலுக்கும் ஆறு வாரம் முன்னதாக அப்படியோர் அறிக்கை கட்டாயம் வரவேண்டும். அதில் மூன்று பத்தி: முன்பிருந்து வந்த கடமைகள், இந்த ஜனாதிபதியின் தீர்மானங்களும் அவற்றின் விலையும், வெளியிலிருந்து வந்த அதிர்ச்சிகள். திறைசேரிச் செயலாளர் கையொப்பமிட, கணக்காய்வாளர் தலைமை அதிபதி சரிபார்க்க வேண்டும்.

சேமலாப நிதிய அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும், 2023 மாற்றத்தால் தன் கணக்கில் ஒரு லட்சத்துக்கு எவ்வளவு குறைந்தது என்பதை வருடாந்தக் கூற்றில் அச்சிட்டு அனுப்பச் செய்யுங்கள்.

2028 முதல் 2032 வரை எந்த மாதம், யாருக்கு, எந்த நாணயத்தில், எவ்வளவு கட்டவேண்டும் என்ற அட்டவணையை, வளர்ச்சி எல்லையைத் தாண்டினால் கூடும் தொகையையும் சேர்த்து, அடுத்த பாதீட்டுக்கு முன் சபையில் சமர்ப்பியுங்கள்.

இப்படிக்கு,
பொது நிதி கற்பிப்போரும் கணக்காளரும் சிலர்